எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தாறு வரை

எழுபது வரைக்கும் நல்ல வண்டி.
எழுபத்தொன்றில் இருக்கைக்கு அடியில்
யாரோ முனகத் தொடங்குவார்கள்.
எழுபத்தாறு தாண்டினால்
வாயை மூடிக்கொள்வார்கள்.

ஹஷூரியிலிருந்து போர்ஜோமிக்கு
பழைய ஷிகுலி, பின்னிருக்கை நிறைய மட்ஸோனி ஜாடிகள்.
எங்கள் ஊரில் தயிருக்கு அதுதான் பெயர்.
ராத்திரி உறை குத்தி விடியலில் ஏற்றுவேன்.
விடுதிக்காரி மூடியைத் திறந்தால்
கத்தி வைத்து வெட்டலாம்போல நிற்க வேண்டும்.
இந்த மாதம் எந்த ஜாடியும் நிற்கவில்லை.
உடைந்த தயிர், மேலே நீர்.
"த்ஸியாலா, இப்போது மோர்தான் விற்கிறாயா?"
லாமாரா சிரிக்காமல் கேட்டாள்.

முதலில் சாலையைத் திட்டினேன்.
பிறகு, டயர் மாற்றிய மல்ஹாஸை.
கடை வாசலில் நாலு பேர் பார்க்கத் திட்டினேன்.
அவன் நான்கு சக்கரத்தையும் கழற்றி
ஒவ்வொன்றாக மெஷினில் சுழற்றிக் காட்டினான்.
"கை நடுங்கினால் என்னிடம் வா.
உட்காருமிடம் நடுங்கினால்
வேறு இடத்தில் போய்த் தேடு."

தேடினேன்.
வாசலில் நிறுத்தி எவ்வளவு மிதித்தாலும்
சத்தமில்லை. எஞ்சின் தப்பித்தது.
ஆற்றோர நேர்ச்சாலையில் எழுபத்து மூன்றில்
கியரை நியூட்ரலுக்குத் தள்ளி
மூச்சைப் பிடித்துக்கொண்டு உருண்டேன்.
முனகல் என்னோடேயே உருண்டு வந்தது.
ஏற்றத்தில் மிதித்தபோதும்
இறக்கத்தில் விட்டபோதும் அதே குரல்,
அதனால் பின்னச்சின் பற்கள்மேலும் குற்றமில்லை.
மிச்சம், கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் நடுவில்
என் உயரத்துக்குக் கிடந்து சுழலும்
அந்த இரண்டு துண்டுக் குழாய்.

நுக்ஸார் வீட்டுக் கொட்டகையில் ஒரு பள்ளம் உண்டு.
இறங்கி மல்லாந்து பார்த்தேன்.
சிலுவை மூட்டுகளைப் பிடித்து முறுக்கினேன், ஆட்டமில்லை.
ரப்பர் வளையத்தில் நகத்தை ஓட்டினேன், வெடிப்பில்லை.
நடு பேரிங் புதுசு.
செப்டம்பரில் நானே போட்டது.
அதைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

நுக்ஸார் தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும்
கிளாம்ப் ஒன்றை எறிந்தான்.
குழாயைச் சுற்றி அதை இறுக்கி,
சாக்கட்டியால் நான்கு கோடு போட்டு,
திருகின் தலையைக் கோட்டுக்குக் கோடு நகர்த்த வேண்டும்.
எந்தக் கோட்டில் நடுக்கம் குறைகிறதோ
அதற்கு எதிர்ப்புறம் பாரம் கூடுதல்.
மீட்டருக்கு எங்கே போவது?
விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி
ஒரு ஜாடியைக் கீழே வைத்துக்கொண்டேன்.
முதல் கோட்டில் என் காலுறை நனைந்தது.
இரண்டாவதில் செருப்பும்.
மூன்றாவதில் தண்ணீர் சுருங்கி நின்று
தோல் மட்டும் சிலிர்த்தது.
நான்காவது மறுபடி வெள்ளம்.

பாதி குணம்.
பாதி குணத்தில் தயிர் உறையுமா?

மறுபடி பள்ளம். மண்ணெண்ணெய்த் துணி.
கிரீஸைத் துடைக்கத் துடைக்க
தண்டின்மேல் ஒரு புள்ளி தெரிந்தது.
அதன் ஜோடிப் புள்ளி, கவட்டையின்மேல்,
நாலு பல் தள்ளி
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் புள்ளிகளைக் குத்தியது நான்.
கழற்றுமுன், திரும்பச் சேர்க்கும்போது
நேருக்கு நேர் வரவேண்டும் என்று
ஒழுங்காகக் குத்தி வைத்தேன்.
சேர்க்கும்போது இருட்டிவிட்டது.
அடுப்பில் பால் வேறு.
பொங்கிவிடும் பொங்கிவிடும் என்று
கை இங்கே, காது அங்கே.
பொங்கவில்லை. அது நன்றாக நினைவிருக்கிறது.

"எந்த முட்டாள் இப்படிப் பூட்டினான்?"
மேலிருந்து நுக்ஸார் குனிந்தான்.
"சுராமியில் ஒருத்தன்" என்றேன்,
பெயர் தெரியாது என்றும் சொல்லி வைத்தேன்.

எழுபது. எழுபத்தொன்று.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
எழுபத்தெட்டு வந்த பிறகுதான்
கடித்துக்கொண்டிருப்பதே தெரிந்தது.

திரும்பும் வழியில் மல்ஹாஸுக்கு
ஒரு ஜாடி நீட்டினேன்.
எதற்கு என்றான்.
மீந்துவிட்டது என்றேன்.
மூடியைத் திறந்து, என்னைப் பார்த்து,
கரண்டியை நடுவில் குத்திக் கையை எடுத்தான்.
நின்றது.